கிழக்கு மூலைச் செடிகள்

அக்டோபர் 7, திங்கள்

இன்று கொசுப்புழு தேடி ஐம்பத்திரண்டு வீடு. முப்பத்தெட்டு மாடி ஏறி இறங்கினேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டு ஒன்று இருக்கிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் யாருக்கும் மனதில் நிற்பதில்லை. மூன்றாம் தெருவில் ஒரு அம்மா, "எங்க வீட்டுல கொசுவே கெடையாது, நீ எதுக்கு உள்ள வார?" என்று வாசலை மறித்தாள். அவள் வீட்டு ஆட்டுக்கல் குழியில் புழு நெளிந்தது. கொட்டிக் காட்டினேன். அப்புறம்தான் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள்.

கடைசியாக எங்கள் வளவு. ஒரே முற்றத்தைச் சுற்றி நாலே வீடு. எதிர்வீட்டு மைமூன் அக்கா தொட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். என் வீட்டுக்கும் சேர்த்து நாலு வீட்டுக்கும் 'புழு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வீட்டு மாடிக்குப் போகவில்லை. முட்டி வலிக்கிறது.

சோற்றை வழக்கம்போல வளவுக்குப் பின்னால் இருக்கும் நகராட்சிப் பூங்காவில் வைத்துச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

தண்ணீர் வந்தது. ஆறு நாள் கழித்து. மூன்று குடமும் டிரம்மும் பிடித்தேன். மூடி போட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

பூங்காவைப் பற்றி எழுத வேண்டும். போன வருஷம் வரை அங்கே புல்தரையும் குரோட்டன்ஸும்தான். ஒரு பூச்சி எட்டிப் பார்க்காது. மோட்டார் பழுதானது, புல் கருகியது, புது மோட்டார் வரவில்லை. மழைக்குப் பிறகு கிழக்கு மூலையில் தும்பை, நாயுருவி, துத்தி, கிலுகிலுப்பை என்று தானாக முளைத்தது. காவலுக்கும் தோட்ட வேலைக்கும் இருக்கிற ஒரே ஆள் சூசை அண்ணன். அவர் அதை வெட்டவில்லை. சோம்பேறித்தனம் என்றுதான் நானும் நினைத்தேன்.

இன்றைக்கு வேலை முடிய ஐந்தரை ஆகிவிட்டது. பூங்கா வழியாக வந்தேன். "தங்கச்சி, சத்தம் போடாம இங்கன வா" என்று கூப்பிட்டார். ஒரு காய்ந்த நாயுருவிக் குச்சியைக் காட்டினார். அதில் வயிற்றில் நீலக் கோடு போட்ட தேனீக்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக, வாயால் குச்சியைக் கவ்விக்கொண்டு தொங்கின. கால் எதிலும் படவில்லை.

"செத்துப்போச்சா அண்ணே?"

"தூங்குது. இருட்டுறதுக்குள்ள வந்து இதே குச்சியப் புடிச்சிக்கிடும். காலையில வெயில் ஏறினா போயிரும். இருபத்திமூணு. நான் தெனமும் எண்ணுவேன்."

இப்படித் தொங்குவது ஆண்களாம். பெண் தேனீக்கள் தரையில் பொந்து போட்டிருக்கின்றனவாம். அதற்காகச் செடிக்குப் பக்கத்தில் நாலு முழம் மண்ணைக் கொத்தாமல், தண்ணீர் ஊற்றாமல் வெறுமனே விட்டிருக்கிறார். "பாத்தவுக எல்லாம் ஏன் சும்மா போட்டிருக்கன்னு கேக்காக. சும்மா எங்க கெடக்கு? அதுக்குள்ள குடித்தனம் நடக்கு" என்றார். கல்லூரியிலிருந்து வந்த ஒரு டீச்சர் அந்த மூலையில் மட்டும் நாற்பத்தொரு வகைச் செடி எண்ணிவிட்டுப் போனாராம். சூசை அண்ணனுக்கு அதில் பாதிக்குப் பெயர் தெரியாது. எது எப்போது பூக்கும் என்பது தெரியும்.

அக்டோபர் 21, திங்கள்

நாலு நாளாக மழை. மைமூன் அக்காவின் மகள் நஸ்ரினுக்குக் காய்ச்சல். மூன்றாம் வகுப்பு. தினமும் சாயங்காலம் என் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். அவள் வீட்டில் தையல் மெஷின் சத்தமாம். இன்று வரவில்லை. கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். "கண்ணுக்குள்ள வலிக்குது அத்தே" என்றாள்.

டெங்குவுக்குத்தான் அப்படி வலிக்கும். வெளியே சொல்லவில்லை.

அக்டோபர் 23, புதன்

டெங்குதான். பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேருக்கு.

சாயங்காலம் குடியிருப்போர் சங்கத் தலைவர் திரவியம் அண்ணாச்சி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். பூங்காவில் புதர் மண்டிக் கிடப்பதால்தான் காய்ச்சல். தீபாவளிக்கு முன்னால் வெட்டி, மருந்து அடித்து, புகை போட வேண்டும் என்று மனு. ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்த மைமூன் அக்கா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். என்னிடமும் நீட்டினார்கள். நகராட்சி வேலை பார்ப்பதால் போடக்கூடாது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி

காலையில் பூங்காவுக்குப் போய்க் கரண்டியும் டார்ச்சும் வைத்து மூலைமுடுக்கெல்லாம் பார்த்தேன். இலை இடுக்கு, கல் பெஞ்சுக்கு அடி, குருவிக்கு வைத்த சட்டி. சட்டித் தண்ணீரைச் சூசை அண்ணன் தினமும் மாற்றுகிறார். ஒரு புழு இல்லை. இந்தக் கொசு செடியில் முட்டை இடாது. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் இடும். பயிற்சியில் முதல் நாள் சொல்லித் தந்ததே அதுதான்.

சுகாதார ஆய்வாளர் வேலாயுதம் சாரிடம் சொன்னேன். நல்ல மனிதர். ஆனால் இரண்டு நாளாகத் தூக்கமில்லாத முகம்.

"நீ சொல்லுறது எனக்கும் தெரியும்மா. ஆனா மூணு கேஸ் வந்திருக்கு. புழு எங்கயோ இருக்குல்லா? அதக் காட்டு. காட்டலன்னா திங்கக்கிழமை வெட்டச் சொல்லியாச்சு, செவ்வாய்க்கிழமை புகை. அந்த ஆளு சூசையையும் நோட்டீஸ் குடுத்து அனுப்பச் சொல்லுதாக."

"அவர் என்ன செஞ்சாரு சார்?"

"புதரு வளத்தாருல்லா."

அக்டோபர் 26, சனி

நோயாளி வீடுகளைச் சுற்றி நூறு மீட்டருக்குள் முப்பத்தோரு வீடு. விடிந்ததிலிருந்து பார்த்தேன். தேங்காய்ச் சிரட்டை, பெயிண்ட் டப்பா, ஏர்கூலர், தண்ணீர்த் தொட்டி மூடி ஒன்று விடாமல். இரண்டு வீட்டில் கொஞ்சம் முட்டை இருந்தது, புழு இல்லை. தெரு முழுக்கக் கொசு பறக்கிற அளவுக்கு எதுவும் இல்லை.

முப்பது வீடு முடிந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

முட்டி வலி. படுத்தே கிடந்தேன்.

அக்டோபர் 28, திங்கள்

ஒன்பது மணிக்கு வெட்ட வந்தார்கள். இரண்டு பேர், வெட்டு மெஷினோடு. ஆவாரை பூத்திருந்தது. கிலுகிலுப்பையில் கறுப்பும் நீலமுமாகப் பட்டாம்பூச்சிகள் அப்பிக்கொண்டிருந்தன. மெஷின் சத்தம் கேட்டு எழுந்து பறந்து, திரும்பத் திரும்ப அங்கேயே வந்து உட்காரப் பார்த்தன.

மைமூன் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தாள். நஸ்ரினுக்கு ரத்தத்தில் தட்டணுக்கள் முப்பத்தெட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டதாம். மெஷின்காரர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், திடீரென்று குனிந்து கையாலேயே பிடுங்க ஆரம்பித்தாள். தும்பை, துத்தி, நெருஞ்சி எல்லாவற்றையும். உள்ளங்கையில் முள் கீறி ரத்தம் வந்தது. "என் புள்ளையக் கொன்னுட்டுதான் பூ பூப்பியா? என் புள்ளையக் கொன்னுட்டுதான் பூ பூப்பியா?" என்று சொல்லிச் சொல்லிப் பிடுங்கினாள். சூசை அண்ணன் தடுக்கவில்லை. ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, "கையக் கழுவிக்கிடும்மா" என்று மட்டும் சொன்னார்.

பாதி வெட்டும்போது மெஷினில் பெட்ரோல் தீர்ந்தது. மீதியை நாளைக்குப் புகை போடும்போது வெட்டுவார்களாம். புகை ஐந்தரை மணிக்கு. அந்த நேரத்தில்தான் தேனீக்கள் தூங்கத் திரும்பும்.

நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பார்த்தேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

காலை ஆறு மணி. மாடிக்குப் போனேன்.

கதவுத் தாழ்ப்பாள் துருப்பிடித்து, கல்லால் தட்டித்தான் திறந்தது. மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் லாரி டயர் இரண்டு. என் வீட்டுக்காரவுக லாரியை விற்றபோது அந்த இரண்டை மட்டும் விற்கவில்லை. "புது வண்டி எடுக்கும்போது வேணும். நான் வந்து எடுத்துக்கிடுதேன், யாரையும் தொட விடாத" என்று சொல்லிவிட்டு மங்களூருக்கு ஓட்டுநர் வேலைக்குப் போனார்கள். மூன்று வருஷம் ஆகப்போகிறது. முதல் வருஷம் போன் வந்தது. அப்புறம் நம்பர் மாறிவிட்டது. அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று கொழுந்தனார் சொன்னார். நான் நம்பவில்லை என்று அவரிடம் சொன்னேன். நம்பினேன். அன்றோடு மாடிக்குப் போவதை விட்டேன்.

முட்டியில் ஒன்றும் இல்லை. ஊரார் மாடி முப்பத்தெட்டு ஏறுகிறவளுக்கு என்ன முட்டி வலி.

தார்ப்பாய் கிழிந்து மழைத் தண்ணீர் இரண்டு டயருக்குள்ளும் நிரம்பியிருந்தது. டார்ச் அடித்தேன். கொதிக்கிற சோறு மாதிரி புழு. நான் குனிந்ததும் மேலே இருந்தவை எல்லாம் துடித்துக்கொண்டு கீழே இறங்கின. என் கையைச் சுற்றி, காலில் வெள்ளை வரி போட்ட கொசு ஏழெட்டு. கீழே எட்டிப் பார்த்தால் நேராக என் வாசல்படி. நஸ்ரினின் பென்சில் சீவல் இன்னும் கிடந்தது.

கொட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கவிழ்த்தால் வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். யாருக்கும் தெரியாது. டயரின் விளிம்பைப் பிடித்தும் விட்டேன். அப்புறம் கையை எடுத்தேன்.

ஒரு பாட்டிலில் மொண்டு எடுத்துக்கொண்டு வேலாயுதம் சாரிடம் போனேன். பார்த்தவர் கதவைச் சாத்தினார்.

"பேச்சி, போய் தண்ணியக் கொட்டிட்டு அந்த டயரத் தள்ளி விடு. நீயும் பாக்கல, நானும் பாக்கல. ஒன் வீட்டுக்கு வாராவாரம் 'புழு இல்லை'ன்னு நீ எழுதியிருக்க. அதுக்குக் கீழ என் கையெழுத்து இருக்கு. வெளிய வந்தா ஒனக்கு வேலை போவும். எனக்கும் மெமோ."

"அப்போ பூங்கா சார்? சூசை அண்ணன்?"

"செடிதானம்மா. மறுபடி முளைக்கும்."

"அவரு?"

அவர் பாட்டிலை என் பக்கம் தள்ளி வைத்தார்.

சாயங்காலம் ஐந்தே கால். பூங்காவில் இருபது பேர் இருந்தார்கள். புகை மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர். வேலாயுதம் சார் ஓரமாக நின்றார். மைமூன் அக்காவும் வந்திருந்தாள். சூசை அண்ணன் வெட்டாத பாதிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார், யாரையும் பார்க்காமல்.

பாட்டிலை உயர்த்திக் காட்டினேன். தண்ணீரில் புழுவெல்லாம் ஆடியது.

"அண்ணாச்சி, புழு கெடச்சிட்டு. செடியில இல்ல."

"எங்க?"

"பதினாலு பை மூணு."

"அது யாரு வீடு?"

"என் வீடு. மாடியில டயரு. நான் பாக்காமலே பாத்தேன்னு எழுதிட்டு இருந்திருக்கேன். மூணு பேருக்குக் காய்ச்சல் வந்தது என்னாலதான்."

யாரோ ஏசினார்கள். அண்ணாச்சி, "இவளெல்லாம் நம்ம வீட்டுக்குள்ள வந்து சட்டம் பேசினவ" என்றார். அதெல்லாம் காதில் விழுந்தும் விழாமலும் போனது. மைமூன் அக்கா கிட்டே வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"ஒன் வாசல்படியிலதான ஏட்டி அவ ஒக்காந்து எழுதுவா?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. சந்தேகம் கேட்பது போல. கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். பிடுங்கிக் குவித்த செடியைப் பார்த்தாள். போய்விட்டாள்.

புகை மெஷின் எங்கள் வளவுக்கு வந்தது. டயரை நான்தான் கவிழ்த்தேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வேலைக்கு வர வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். அடுப்பு மூட்டவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

நஸ்ரினுக்குத் தட்டணு தொண்ணூறாயிரம். ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. சூசை அண்ணன் போய்க் கேட்டுவந்து சொன்னார். மதில் ஓரமாக நின்று அழுது தீர்த்தேன்.

நவம்பர் 6, புதன்

நஸ்ரின் வீடு வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது "அத்தே" என்று கூப்பிட்டாள். மைமூன் அக்கா அவள் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

நவம்பர் 12, செவ்வாய்

கொழுந்தனாரைக் கூப்பிட்டு டயரை எடுத்துப் போகச் சொன்னேன். "அண்ணன் கேட்டா?" என்றார். "கேக்க மாட்டாக" என்றேன். மாடியைக் கழுவி விட்டேன். அங்கிருந்து பூங்கா முழுக்கத் தெரிகிறது. இத்தனை நாளாக இது தெரியாமலே இருந்திருக்கிறேன்.

விசாரணையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். டிசம்பர் முதல் வாரம் வரை பணி இடைநீக்கம். அதற்குப் பிறகு எடுப்பார்களாம்; நானே முன்வந்து சொன்னதற்காக வேலாயுதம் சார் பேசியிருக்கிறார். அவருக்கு மெமோ வந்துவிட்டது. என்னைப் பார்த்தால் இப்போது தலையை மட்டும் அசைக்கிறார்.

நவம்பர் 24, ஞாயிறு

சூசை அண்ணனை வேலையை விட்டு அனுப்பவில்லை. மிச்சமிருந்த பாதியையும் வெட்டவில்லை. ஆனால் தேனீக்கள் தூங்கிய குச்சி வெட்டிய பாதியில் இருந்தது. வெறுமண்ணையும் அன்றைக்கு ஏறி மிதித்துவிட்டார்கள். இன்று சாயங்காலம் இரண்டு பேரும் தேடினோம். வேறு ஒரு குச்சியில் நாலு இருந்தது.

"நாலா?" என்றேன்.

"நாலாவது இருக்கே" என்றார்.

தகடு அடித்து வைக்கலாமா என்று கேட்டேன். இது புதர் இல்லை என்று எழுதி. "எழுதினா யாரு வாசிக்கா? வாரவுகளக் கூப்பிட்டுக் காட்டணும். நான் ஒருத்தருக்கும் காட்டாம, எனக்கு மட்டும்னு வச்சிக்கிட்டேன். அதான் புதராயிட்டு" என்றார்.

டிசம்பர் 9, திங்கள்

மறுபடி வேலை. பல வீட்டில் முகம் கொடுக்கவில்லை. அண்ணாச்சி வீட்டில், "முதல்ல ஒன் மாடியப் பாத்தியா?" என்று கேட்டார். "பாத்துட்டுதான் வாரேன்" என்றேன். தினமும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

மைமூன் அக்கா கதவைத் திறக்கவில்லை. தையல் மெஷின் சத்தம் கேட்டது. பூட்டிய வீடு என்று எழுதுவதுதான் எல்லோரும் செய்வது. 'ஆள் உண்டு, அனுமதி இல்லை' என்று எழுதினேன்.

டிசம்பர் 16, திங்கள்

அனுமதி இல்லை.

பூங்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து சூசை அண்ணன் தூங்கும் தேனீயைக் காட்டினார். அண்ணாச்சியும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

டிசம்பர் 23, திங்கள்

காலையில் மாடியைப் பார்த்துவிட்டு இறங்கி வரும்போது மைமூன் அக்கா வாசலில் நின்றாள். கதவு திறந்திருந்தது.

"வா" என்றாள். அவ்வளவுதான். முன்னால் நடந்தாள்.

சமையல்கட்டு, தொட்டி, ஃபிரிட்ஜ் தட்டு எல்லாம் சுத்தம். "மாடிக்கும் ஏறு" என்றாள். மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் ஒரு மண்தொட்டி. புதிது. அதில் ஒரு தும்பைச் செடி, முழங்கை உயரம், பூத்திருந்தது.

"நஸ்ரின் அந்தப் பூங்கா மனுசங்கிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்துட்டா. நான் தூக்கிப் போடுதேன்னு சொன்னேன். பிடுங்குன கைதானம்மா, நட்டா என்னன்னு கேக்கா" என்றாள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

குனிந்தேன். தொட்டிக்கு அடியில் தண்ணீர் வடிய ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்திருந்தார்கள். அதில் மூன்று புழு. சின்னது, நேற்றோ முந்தாநாளோ பொரிந்தவை.

இத்தனை நாள் கழித்து இன்றைக்குத்தான் உள்ளே விட்டிருக்கிறாள். விரலால் வழித்து எறிந்துவிட்டால் முடிந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"என்னட்டி?" என்றாள்.

"இருக்குக்கா. மூணு."

கிட்டே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி அடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் வீட்டிலும், அவ்வளவு கழுவித் துடைக்கிற வீட்டிலும் புழு.

"இதுதானா?" என்றாள். "இம்புட்டுச் சின்னதா?"

"ஆமா."

"எழுதிக்கோ."

எழுதினேன். அவளே தட்டை உருவி வெயில் விழுந்த தளத்தில் கவிழ்த்தாள். தண்ணீர் ஓடி மெல்லக் காய்ந்தது. நான் தொட்டியைத் தூக்கப்போனேன், கீழே கொண்டுபோக வேண்டுமோ என்று. பூவுக்குள்ளிருந்து கடுகளவு தேனீ ஒன்று பின்பக்கமாக வெளியே வந்து, அடுத்த பூவுக்குள் தலையை விட்டது.

"செடி இருக்கட்டும்" என்றாள் மைமூன் அக்கா. "தட்டுதான் வேண்டாம். ஒரு செங்கல்லுக்கு மேல வச்சிரு."

செங்கல் எடுக்க இரண்டு பேரும் கீழே இறங்கினோம்.